களி கிள்ளக் கற்ற கை

எங்கள் பட்டறையில் புதிதாக ஒரு கை செய்திருக்கிறார்கள். கை கால் அசைக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு ஊட்டும் ரோபோ கை. வாயைத் திறந்தால் போதும், கேமரா பார்த்துவிடும். கரண்டி தானாக வாய்க்கு வந்துவிடும். போன மாதம் அதைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். திருப்பதி ரேணிகுண்டா சாலையில் அந்தப் பட்டறையைத் தொடங்கியவள் நான்தான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். போனால் விருந்தாளிக்குரிய நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் லாவண்யா என்ற பெண், மூலையில் இருந்த பழைய மாடலைக் காட்டிக் கேட்டாள்: “மேடம், இந்தப் பழைய கை ஒவ்வொரு வாய்க்கும் நின்னு நின்னு பர்மிஷன் கேக்குது. அதுவும் ரெண்டு பேர்கிட்ட கேக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு வேற இருக்கு. எதுக்கு மேடம்? டைம் வேஸ்ட் கதா, இல்லியா?”

பட்டறையை இப்போது நடத்தும் பாஸ்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “மீரே செப்பண்டி மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்” என்றார்.

ஒரு சமோசா தின்னும் நேரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சித்தூர்க்காரி. வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் தமிழ், பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் தெலுங்கு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அவர் பால் டேங்கர் ஓட்டினார். பொறியியல் படித்தது திருப்பதியில். அதன்பிறகு பல வருடம் சென்னைப் பக்கம் கார் தொழிற்சாலைகளில், தீப்பொறி பறக்க வெல்டிங் செய்யும் ரோபோக்களோடு கழிந்தது. அங்கே ரோபோவை எப்படி ஓட்டுவது என்று படித்துக்கொண்டேன். அதை எப்படி நிறுத்தி வைப்பது என்று படித்துக்கொண்டது ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில், ராஜேஸ்வரி மேடத்திடம்.

அவர் எங்கள் உற்பத்திப் பிரிவுக்குத் தலைவர். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், குள்ளமான உருவம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ரோபோக்கள் கம்பி வேலிக்குள் நிற்கும். பழுது பார்க்க வேலிக்குள் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இது எல்லாத் தொழிற்சாலையிலும் இருக்கிற விதிதான். ராஜேஸ்வரி மேடம் அதற்கு மேலே ஒன்று வைத்திருந்தார். வேலை முடிந்து, பூட்டுகளெல்லாம் கழன்ற பிறகு, சுவிட்சுக்கு முன்னால் நின்று அந்த ஷிப்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அவரவர் நிற்கிற இடத்திலிருந்து வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். கை தூக்கினால் ஒப்புக்கொள்ள மாட்டார். பக்கத்திலிருப்பவன் “இருக்கான் மேடம்” என்று சொன்னாலும் செல்லாது. குரல் வர வேண்டும்.

நாங்கள் இதைப் பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் என்று கேலி செய்தோம்.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து, லைன் ஓடுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மேடம் வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டார். சுப்ரமணி என்ற பெயருக்குப் பதில் இல்லை. பூட்டு ஒன்றும் மிச்சமில்லை, வேலிக்குள் ஆளும் தெரியவில்லை. “டீக்குப் போயிருப்பான், ஆன் பண்ணுங்கள்” என்றார் வந்திருந்த அதிகாரி. மேடம் மறுபடி கூப்பிட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேடம் சுவிட்சின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு மூன்றாவது முறையும், அதே குரலில், அவசரமில்லாமல் கூப்பிட்டார்.

அப்போதுதான் கன்வேயருக்கு அடியில் ஒரு கால் அசைவது தெரிந்தது. தன் பூட்டைக் கழற்றிய பிறகுதான், ஸ்பேனரை உள்ளே விட்டுவிட்டது சுப்ரமணிக்கு ஞாபகம் வந்திருக்கிறது. எடுக்கப் புகுந்தவன் அங்கேயே மயங்கிக் கிடந்திருக்கிறான். வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தோம். மேடம் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏன் உள்ளே போனாய் என்று கேட்கவில்லை. “தின்னாவா நாயனா?” என்றார். சாப்பிட்டாயா அப்பா என்று தெலுங்கில். அவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. தன் டப்பாவைத் திறந்து அவனுக்குக் கொடுத்தார். அதிகாரிகள் வேலிக்கு வெளியே நின்று, அவன் புளிச்சோறு தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு அட்டெண்டன்ஸ் என்று யாரும் கேலி செய்யவில்லை.

சொந்தமாக ஒரு பட்டறை வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது மேடம் கேட்டது ஒன்றுதான்: “ரோபோவ வேலி இல்லாத இடத்துல வெப்பியா?” அப்போது அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் புரியவில்லை.

திருப்பதியில் பட்டறை வைத்தேன். பாஸ்கர் முதல் ஆளாக வந்து சேர்ந்தார். சித்தூர் சுற்றுவட்டாரத்தில் மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைய. பழுத்த பழத்தை நசுக்காமல் எடுத்துப் பெல்ட்டில் வைக்கும் கை செய்தோம். இரும்பு விரலை மாற்றி, சிலிக்கோனில் மெத்தென்ற விரல்கள் வார்த்தோம். எத்தனையோ பழத்தைக் கூழாக்கிய பிறகுதான் அந்த விரலுக்குப் பழத்தைத் தொடத் தெரிந்தது. ஆனால் மாம்பழம் ஒரு பருவத்துக்குத்தான். மற்ற மாதங்களில் கைகள் துணி போர்த்திச் சும்மா நிற்கும். அப்படி ஒரு சமயத்தில்தான் திருப்பதியில் ஒரு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களைப் பார்க்கிறவர். துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “இது ஒரு ஸ்பூனைத் தூக்கி வாய்வரைக்கும் கொண்டுபோகுமா?” என்று கேட்டார்.

அப்போதுதான் ராஜேஸ்வரி மேடத்தின் கேள்வி எனக்குப் புரிந்தது. மனித முகத்துக்கும் ரோபோவுக்கும் நடுவில் வேலி போட முடியாது.

கரண்டி பிடிக்கும் கை ஒன்றைச் செய்தோம். நோயாளி நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்வார். வலப்பக்கம் தலை சாய்த்தால் சோறு, இடப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். கரண்டி உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கும். அவர் தாடையைக் கீழே இறக்கி ஒரு தரம் ஆட்டினால்தான் உள்ளே வரும். முகத்தை எந்தப் பக்கம் சட்டென்று திருப்பினாலும் பின்வாங்கிவிடும். யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால் நானே இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். பல்லில் இடித்தது. மூக்கில் தயிர்சாதம் அப்பியது. பாஸ்கர் திருத்துவார், நான் மறுபடி உட்காருவேன்.

டாக்டரம்மா அதை முதலில் கொடுக்கச் சொன்ன ஆள் முனிரத்தினம். சித்தூர்ப் பக்கம் புத்தலப்பட்டு என்ற ஊர்க்காரர். மாமரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடி. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தலை திரும்பும், பேச்சு வரும், விழுங்க முடியும். மனைவி கோவிந்தம்மாதான் எல்லாம். அவள் கூழாலைக்கு வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை அவர் வாயில் ஒன்றும் படாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்ட வந்தால் வாயை மூடிக்கொள்வார். ஆள் இளைத்துக்கொண்டே போக, இடுப்பில் வந்த படுக்கைப்புண் ஆறவே இல்லை. “புண் உள்ள போனா நான் ஒண்ணும் செய்ய முடியாது எஸ்தர். அவர் வேளைக்குச் சாப்பிடணும்” என்றார் டாக்டரம்மா.

மருத்துவமனையில் வைத்து உப்புமாவில் பழக்கினோம். நன்றாகவே சாப்பிட்டார். கையை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் பொருத்திவிட்டு வந்தோம். சில வாரம் கழித்துப் பார்க்கப் போனால் கையின் மேல் ஒரு தலையணை உறை மாட்டியிருந்தது. கோவிந்தம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“களிய எப்பிடிக்கா கரண்டியில துன்றது?” என்றாள் அவள். “அது ஒட்டிக்கினு வருமா? பேஸ்ட்டு மாதிரி அப்பிக்கினு கீது.”

எனக்கே சிரிப்பு வந்தது. நானும் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவள்தான். களியைக் கரண்டியில் தின்ற மனிதரை நான் பார்த்ததில்லை. பட்டறையில் உப்புமாவும் தயிர்சாதமும் வைத்துப் பழகியதில் அது நினைவுக்கே வரவில்லை.

திரும்பி வந்து, மாம்பழத்துக்குச் செய்த சிலிக்கோன் விரல்களைச் சிறிதாக வார்த்தோம். களி விரலில் ஒட்டியது. விரலுக்கு எண்ணெய் தடவினால் வழுக்கி விழுந்தது. எங்கள் அம்மா களி உருட்டுவதற்கு முன்னால் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வது ஞாபகம் வந்தது. கைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தோம். தண்ணீரைத் தொடு, களியைக் கிள்ளு, குழம்பில் தோய், சொட்டும்வரை ஒரு கணம் நில், பிறகு வாய்க்குப் போ. பாஸ்கர் இதைப் பலவாறு எழுதி எழுதிப் பார்த்தார். பட்டறையில் தினமும் களி கிண்டினோம். பக்கத்துக் கடைக்காரர் நாங்கள் ஹோட்டல் வைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார். நான் தொடைக்கு அடியில் கை வைத்து உட்கார்ந்து, அந்த விரல்களிலிருந்து களி விழுங்கினேன். ஒருநாள் அது என் உதட்டில் பட்ட விதம் சரியாக இருந்தது. “பாஸ்கர், இத அப்படியே வெச்சிடுங்க, தொடாதீங்க” என்று கத்தினேன்.

புத்தலப்பட்டில் பொருத்தியபோது முனிரத்தினம் முழு உருண்டையையும் சாப்பிட்டார். கோவிந்தம்மா வாய் பொத்திக்கொண்டு பார்த்தாள். “எங்க மாமா ஒர்த்தரா துன்றாரு” என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாங்கள் வெற்றி பெற்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

அடுத்த முறை டாக்டரம்மாவே போன் செய்தார். எடை இன்னும் குறைந்திருக்கிறது. புண் பெரிதாகியிருக்கிறது. மருத்துவமனையில் சிலர், இந்த மாதிரி மெஷினெல்லாம் நம் ஊர் ஆட்களுக்குச் சரிப்படாது, நிறுத்திவிடலாம் என்று சொல்கிறார்கள். “போய்ப் பாருங்க. என்கிட்ட அவர் வாயத் திறக்கல.”

நான் மட்டும் போனேன். தலையணை உறை மறுபடி மாட்டியிருந்தது. கோவிந்தம்மா பால் ஊற்றப் போயிருந்தாள். நான் உறையைக் கழற்றி, கையை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. முனிரத்தினம் நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிசினு நல்லாத்தான் கீது மேடம்” என்றார். “நான்தான் அவகிட்ட ரிப்பேருன்னு சொன்னேன். மூடி வெக்கச் சொன்னேன்.”

“ஏன் அண்ணா?”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அவ விடிஞ்சா எழுந்து மாடு பாக்கறா. என்னக் கழுவித் தொடைக்கிறா. ஆலைக்குப் போறா. வந்து சமைக்கிறா. எங்கிட்ட ஒக்கார்றதே சோறு ஊட்றப்பதான். அப்ப எதுனா பேசிக்கினு இருப்பா. ஆலையில இவ இன்னா சொன்னா, அவ இன்னா சொன்னா. நானும் ஒண்ணு ரெண்டு சொல்வேன். இந்தக் கை வந்தப்புறம் தட்ட வெச்சிட்டு ‘நீ துன்னு மாமா’ன்னு போய்டறா. அவளுக்கும் ரெஸ்ட்டு வோணும் இல்ல? அதான் நானும் ஒண்ணும் சொல்லல. ஆனா களி உள்ள எறங்கல மேடம். இன்னா பண்றது.”

நான் வெளியே வந்தேன். காலிக் கேனோடு கோவிந்தம்மா சாலையோரம் வந்துகொண்டிருந்தாள். அவளிடம் நேராகக் கேட்டேன்: “அவர் சாப்பிடும்போது நீங்க ஏன் பக்கத்துல இருக்கிறதில்ல?”

கேனைக் கீழே வைத்தாள். “ஆம்பளக்கா அவரு. ஊர்ல அம்மாம் பெரிய மரம்லாம் ஏறனவரு. கொழந்த மாதிரி நான் வாயில வெக்கறது அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்? இப்ப தானே துன்றாரு. நான் பாத்துக்கினு நின்னா கூச்சமா இருக்கும்னு அந்தாண்ட போய்டுவேன்.” மறுபடி கேனை எடுத்துக்கொண்டு சொன்னாள்: “போயி இன்னா வேல செய்யறேன்? கொட்டாயில மாட்டப் பாத்துக்கினு நிக்கறேன்.”

இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து இதையெல்லாம் எடுத்துச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர்களுக்குள் இருப்பதை நான் எடுத்துச் சொன்னால் அது என் பேச்சாகிவிடும். அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். “ரிப்பேர் ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு நீங்க பக்கத்துல இருக்கணுமாம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கோவிந்தம்மா புடவைத் தலைப்பால் கேனைத் துடைக்க ஆரம்பித்தாள். ஈரமே இல்லாத கேனை ரொம்ப நேரம் துடைத்தாள்.

முனிரத்தினம்தான் பேச்சை மாற்றுகிறவர் மாதிரிக் கேட்டார்: “மேடம், இந்தக் கை அந்தாண்ட திரும்புமா?”

“எந்தாண்ட?”

“அவ ஒக்கார்ற பக்கம்.” மனைவியைப் பார்க்காமலே சொன்னார். “நான் வுழுந்ததுலேர்ந்து அவதான் ஊட்டிக்கினு கீறா. நான் ஒரு வாய் குடுக்கணும்.”

“இன்னா மாமா நீ” என்று அவள் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பட்டறைக்கு வந்து பாஸ்கரிடம் சொன்னேன். அவர் உடனே முடியாது என்றார், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நெற்றிப்பட்டை கட்டியவர் எப்போது வேண்டுமானாலும் கையை நிறுத்தலாம். எதிரில் உட்காருகிறவளுக்கு நிறுத்த வழியில்லை. ஒருவருடைய விருப்பத்துக்கு இன்னொருவர் முகத்தை நோக்கிப் போகிற ரோபோவை எந்த இன்ஜினியரும் செய்யக் கூடாது. அதனால்தான் கட்டிலின் அந்தப் பக்கத்துக்குக் கை போகாதபடி நாங்களே தடை வைத்திருந்தோம்.

அப்படியானால் அவளுக்கும் ஒரு சொல் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். உள்ளங்கைக்கு அடங்கும் ஒரு பொத்தான். அதை அவள் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கை அவள் பக்கம் நகரும். விட்டால் அங்கேயே நின்றுவிடும். அவர் தாடையை ஆட்ட வேண்டும், அவள் அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு வாய். இந்த முறை நான் கோவிந்தம்மா இடத்தில் உட்கார்ந்தேன், பாஸ்கர் கட்டிலில் படுத்து நெற்றிப்பட்டை கட்டிக்கொண்டார். பொத்தானை வழியில் எங்கே விட்டாலும் கை நிற்கிறதா என்று, விட்டு விட்டுப் பார்த்தோம். லாவண்யா, நீ கேட்ட இரண்டு பர்மிஷன் இதுதான்.

இதன் பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முனிரத்தினம் தேறினார். புண் மெல்ல மெல்ல ஆறியது. கோவிந்தம்மா ஆலைக்குப் போகிற நாட்களில் மத்தியானம் தனியாகக் கையோடு சாப்பிட்டார். இராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் பக்கத்தில் இருந்தாள், சில நாள் அவளே ஊட்டினாள், சில நாள் கை ஊட்டியது. மருத்துவமனை இன்னும் சிலருக்குக் கை கேட்டது. எங்கள் பட்டறை மாம்பழத்தை விட்டு மனிதர் பக்கம் முழுதாகத் திரும்பியது அப்போதுதான். ஆனால் என் வேலைக்காலம் முழுவதிலும் எது நல்ல நாள் என்று கேட்டால், திருத்திய கையை நாங்கள் புத்தலப்பட்டுக்குக் கொண்டுபோன அந்த மத்தியானத்தைத்தான் சொல்வேன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். கோவிந்தம்மா தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். களி ஒரு தட்டில், பக்கத்தில் அவருடைய மொச்சைக் குழம்பு. அவருக்குக் குழம்பைத் தனியாகத்தான் வைப்பாளாம். அவர் காலில் வீக்கம் வந்தபோது மருத்துவமனையில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் கையின் சுவிட்சுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

“பாஸ்கர்?”

“இருக்கேன் மேடம்.”

“கோவிந்தம்மா?”

“கீறேன்கா.”

“முனிரத்தினம்?”

“இங்கதான் கீறேன். எங்க போவப்போறேன்” என்றார் அவர். கோவிந்தம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

கை தண்ணீரைத் தொட்டது. களியைக் கிள்ளியது. குழம்பில் தோய்த்து, சொட்டு விழ நின்றது. முனிரத்தினம் தாடையை ஆட்டினார். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தாள். பாதி வழியில் பயத்தில் பொத்தானை விட்டுவிட்டாள். கை நின்ற இடத்தில், அவள் மடியில் குழம்பு சொட்டியது.

“கண்ணத் தொற கோயிந்து” என்றார் அவர். “நான்தான் குடுக்கறேன்.”

அவள் கண்ணைத் திறந்தாள். கையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். களி அவள் உதட்டைத் தொட்டு, உள்ளே போனது.

கோவிந்தம்மா மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். முகம் மாறியது.

“மாமா, இதுல உப்பே இல்லியே!” என்றாள். “கொறைக்கச் சொன்னாங்கன்னு நான் போடறதே இல்ல. இத்தினி நாளா இதையா துன்னுக்கினு இருந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“நீ ஊட்ன” என்றார் முனிரத்தினம். “துன்னேன்.”

அவள் உப்பு எடுத்துவர எழுந்தாள். அதற்குள் கை மறுபடி தண்ணீரைத் தொட்டு, களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அவள் பொத்தானை அழுத்தக் காத்து நின்றது. அவர் தாடையை ஆட்டியிருந்தார். கோவிந்தம்மா அந்த உப்பில்லாத களியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினாள்.